மங்கலாகச் சிவக்கும் பேட்டரி விளக்கு: ஆல்டர்னேட்டரைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என் கார் 17 வருடப் பழையது, பெட்ரோல் வண்டி. 45 ஆம்பியர்-அவர் பேட்டரி போட்டு எட்டு மாதம்தான் ஆகிறது. இரண்டு நாள் எடுக்காமல் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆவதில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது மீட்டர் போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாகச் சிவப்பாகத் தெரிகிறது, பகலில் தெரிவதில்லை. ஒரு மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார். இன்ஜின் நிற்கவில்லை. “டைனமோ நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் கோளாறு” என்றார். இன்னொருவர் டைனமோவை முழுதாக மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி? என்னிடம் சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது. நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றும் அந்தச் சோதனையை இனி யாரையும் செய்ய விடாதீர்கள். உண்மையான டைனமோ இருந்த காலத்து வண்டிகளில் தொடங்கிய பழக்கம் அது; இப்போது டைனமோ என்று நாம் சொல்வது ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவியை. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்துக்குப் போக இடம் இருக்காது. ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் மின்னழுத்தம் 14 வோல்ட்டிலிருந்து பல மடங்கு எகிறும். அந்த அடியை முதலில் வாங்குவது ஆல்டர்னேட்டரின் டயோடும் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடுவது) ரெகுலேட்டரும் (மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது). அடுத்து ரேடியோவும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி இருந்தால் அதுவும். வண்டிக்கு முன்பே டயோடு கோளாறு இருந்ததோ இல்லையோ, அந்தச் சோதனையே புதிதாக ஒன்றை உண்டாக்கியிருக்கலாம்.

அதன் முடிவும் எதையும் நிரூபிக்காது. பெட்ரோல் இன்ஜின் ஓட, இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் சேர்த்து 10 ஆம்பியருக்குள்தான் வேண்டும். பாதி செத்த ஆல்டர்னேட்டர்கூட அதைக் கொடுத்துவிடும். இன்ஜின் நிற்கவில்லை என்பதால் பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறுகிறது என்று ஆகாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் டயோடு. இரண்டாவது சந்தேகம் வயரிங்கில் எங்கோ மின்னழுத்தம் இழக்கப்படுவது. பேட்டரி குற்றவாளியாக இருப்பதைவிட, பாதிக்கப்பட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இப்படிச் சொல்லக் காரணம் அந்த மங்கலான விளக்கு.

அந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அது ஒரு சாதாரண பல்பு. அதன் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரி மின்சாரம் வருகிறது. மறுமுனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் அல்லது எல் என்று குறித்த முனைக்குப் போகிறது. சாவியைப் போட்டதும் மின்சாரம் பல்பு வழியாகப் போய், கார்பன் (சுழலும் பாகத்தைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் கட்டை) வழியாக ரோட்டார் சுருளுக்குள் (ஆல்டர்னேட்டரின் நடுவே சுழலும் சுருள்) இறங்கி, எர்த் ஆகிறது. அதனால் பல்பு எரிகிறது. அந்தச் சின்ன மின்சாரம்தான் ரோட்டாரில் முதல் காந்தத்தை உண்டாக்குகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டரே டி பிளஸ் முனையில் 14 வோல்ட் கொடுக்கும். பல்பின் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தம், நடுவில் ஓட்டம் இல்லை, பல்பு அணைந்துவிடும்.

இன்ஜின் ஓடும்போது மங்கலாக எரிகிறது என்றால் இரண்டு முனைக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட் வித்தியாசம் இருக்கிறது என்று பொருள். அந்த அளவு மின்சாரத்தில் பல்பின் இழை இருட்டில் மட்டுமே தெரியுமளவு சிவக்கும். நீங்கள் இரவில் பார்த்தது அதைத்தான். டயோடு கெட்டு டி பிளஸ் பக்கம் அழுத்தம் குறைந்திருக்கலாம். அல்லது ஹெட்லைட் இழுக்கும் சுமையில், பழைய சாவி சுவிட்ச்சிலோ ஃபியூஸ் பெட்டியிலோ துருவேறிய இணைப்பில் அழுத்தம் விழுந்து, சாவிப் பக்கம் குறைந்திருக்கலாம். இரண்டையும் மீட்டரில் பிரித்துவிடலாம்.

ஆனால் முதலில் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். அடி வாங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு ஆல்டர்னேட்டரை அளந்தால் எல்லா எண்ணும் தப்பாக வரும். பேட்டரியைக் கழற்றி, தனிச் சார்ஜரில் அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 4.5 ஆம்பியர் அளவில் முழுதாக ஏற்றுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சார்ஜ் ஏறியபின் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்ட வேண்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்யும்போது மீட்டரைப் பேட்டரியின் ஈய முனைகளிலேயே வைத்துப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியும் பலவீனமாகிவிட்டது. எட்டு மாதப் பேட்டரியானாலும் பலமுறை அடியோடு வடிந்துபோயிருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கும். அது பேட்டரி தயாரித்தவர் குற்றமல்ல.

அடுத்தது பெல்ட். ஐந்து நிமிட வேலை; ஆனாலும் பலர் தாண்டிவிடுவது இதைத்தான். இன்ஜின் நின்றிருக்கும்போது, இரண்டு புல்லிக்கு நடுவே நீளமான பகுதியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்துங்கள். வி வடிவப் பெல்ட் என்றால் சுமார் 10 மி.மீ. உள்ளே போகலாம். அதற்கு மேல் போனால் தளர்வு. பெல்ட்டைத் திருப்பி, பக்கவாட்டைப் பாருங்கள். கண்ணாடி போலப் பளபளத்தால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும்; மாற்றத்தான் வேண்டும். பெல்ட் புல்லிக் குழியின் அடியைத் தொட்டு ஓடினாலும் அப்படித்தான், ஏனென்றால் வி பெல்ட் பிடிப்பது பக்கங்களால். இறுக்கும்போது கம்பியை ஆல்டர்னேட்டரின் புல்லிப் பக்க உடல்மீது மட்டும் கொடுத்து நெம்புங்கள். பின்பக்க அலுமினிய மூடி விரிசல் விட்டுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டர் பேரிங்கும், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பின் பேரிங்கும் சேர்ந்து போகும்.

இனி சார்ஜ் அளவு. சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், தொங்கும் எதையும் கழற்றிவிடுங்கள், மீட்டர் வயர் பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓட, எல்லாம் அணைத்திருக்க, சுமார் 1500 ஆர்.பி.எம்.மில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரவேண்டும். குளிரில் 14.7 வரை போவது இயல்பு. இன்ஜின் ஓடியும் 12.6-க்குக் கீழேயே நின்று மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறவே இல்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, அல்லது ரெகுலேட்டருக்குப் பேட்டரி அழுத்தத்தைத் தெரிவிக்கும் வயர் துண்டிக்கப்பட்டிருக்கிறது; அந்த நிலையில் ஓட்டினால் பேட்டரி கொதித்து நீர் வற்றும், பல்புகள் பியூஸ் ஆகும்.

பிறகு ஹெட்லைட்டை ஹை பீமிலும், புளோயரை முழு வேகத்திலும் போடுங்கள். 1500-ல் 13.5-க்குக் குறையாமல் நிற்க வேண்டும். ஐடிலிங்கில் 13 அளவுக்கு இறங்கி, கொஞ்சம் ரேஸ் கொடுத்ததும் ஏறினால் பயப்பட வேண்டாம். பழைய ஆல்டர்னேட்டர்கள் ஐடிலிங்கில் தங்கள் முழுத் திறனில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். ரேஸ் கொடுத்தும் 13-ஐத் தாண்டத் திணறினால்தான் கோளாறு. ஆறு மெயின் டயோடில் ஒன்று திறந்துபோனால் (எந்தத் திசையிலும் மின்சாரம் விடாமல் போனால்) சும்மா இருக்கும்போது 14 வோல்ட் அழகாகக் காட்டும். சுமை ஏறியதும் தள்ளாடும். இதனால்தான் சுமை போடாமல் அளந்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

அதே சுமையில், அதே 1500-ல் வயரிங்கையும் அளந்துவிடுங்கள். மீட்டரின் ஒரு முள்ளை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த வயர் மாட்டியிருக்கும் பி பிளஸ் போல்ட்டிலும், மற்றதைப் பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருக்கவேண்டும். அடுத்து ஆல்டர்னேட்டரின் வெற்று உலோக உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, இங்கே 0.2-க்குள். இதில் ஒன்று அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டு கேபிளைப் பாருங்கள். 17 வருடத்தில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை உள்ளுக்குள் பச்சை பூத்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. பி பிளஸ் போல்ட் எப்போதும் உயிரோடு இருக்கும் முனை, சாவி எடுத்திருந்தாலும்கூட. ஸ்பேனரோ மீட்டர் முள்ளோ அதையும் இன்ஜின் உடலையும் ஒன்றாகத் தொட்டால் பேட்டரியின் மொத்தச் சக்தியும் தீப்பொறியாகும்.

இப்போது விளக்கின் கேள்விக்கு வருவோம். இரவில் விளக்கு சிவக்கும் அதே நிலையை உண்டாக்கி, எர்த்துக்கு எதிராக மூன்று இடத்தை அளங்கள்: பி பிளஸ், மெல்லிய வயர் மாட்டும் டி பிளஸ், ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு ஃபியூஸ். பி பிளஸும் டி பிளஸும் 14-ஐ ஒட்டி இருந்து, ஃபியூஸில் மட்டும் 12 என்று வந்தால் சாவி சுவிட்ச் அல்லது அதற்குப் போகும் இணைப்புதான் காரணம். டி பிளஸ் மட்டும் இரண்டு வோல்ட் தாழ்ந்திருந்தால் டயோடுதான்.

டயோடை உறுதி செய்ய இன்னொரு வழி, மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி பி பிளஸுக்கும் ஆல்டர்னேட்டர் உடலுக்கும் இடையே அளப்பது. ஆல்டர்னேட்டர் உள்ளே உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். அதை ஒரே திசையாக்குவதுதான் டயோடின் வேலை. சுமையோடு 1500-ல் 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் டயோடுகள் நலம். 0.5-ஐத் தாண்டினால் ஒன்றாவது போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த சில மீட்டர்கள் ஏசி அளவில் நேர் மின்சாரத்தையும் சேர்த்து எண்ணி 28, 30 என்று காட்டும்; முள்ளை மாற்றி வைத்தால் பூஜ்யம் காட்டும். இன்ஜினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் மட்டும் வைத்துப் பாருங்கள். அங்கேயும் அப்படிக் காட்டினால் அந்த மீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. நல்ல மீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். ரேடியோவில் ரேஸுக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு ‘கீய்ங்’ இரைச்சல் வந்தால் அதுவும் இதே அறிகுறி.

இரண்டு நாளில் பேட்டரி வடிவது ஏன்? நல்ல டயோடு ஒருவழிக் கதவு: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போக விடும், திரும்ப வர விடாது. கதவு சரியாக மூடாவிட்டால், வண்டி நின்றிருக்கும்போது பேட்டரி மின்சாரம் பின்வழியாக ஸ்டேட்டருக்குள் (ரோட்டாரைச் சுற்றி அசையாமல் இருக்கும் சுருள்) புகுந்து, அங்கிருந்து ரோட்டாருக்குக் கொடுக்கும் சின்ன டயோடுகள் வழியாகப் போய் ரெகுலேட்டரில் எர்த் ஆகிவிடும். அரை ஆம்பியர் கசிந்தால் போதும், இரண்டு நாளில் 24 ஆம்பியர்-அவர் போயிற்று. உங்கள் பேட்டரியில் அது பாதிக்கு மேல். செல்ஃப் எப்படிச் சுற்றும்?

இதை அளக்க, சாவியை எடுத்துவிட்டு, கதவு, டிக்கி எல்லாம் மூடி, பானட் விளக்கு இருந்தால் அதைக் கழற்றி, பேட்டரி நெகட்டிவ் கேபிளை எடுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முள்ளைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றதைக் கழற்றிய கேபிளிலும் வையுங்கள். இப்படி மாட்டியிருக்கும்போது மறந்துகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். சில நிமிடம் பொறுத்துப் பார்த்தால் கடிகாரம், ரேடியோ நினைவகம் எல்லாம் சேர்த்து 0.05 ஆம்பியருக்குள் இருக்கவேண்டும். 0.3, 0.5 என்று நின்றால் மீட்டரைப் பிரித்து, நெகட்டிவ் கழன்ற நிலையிலேயே ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரையும் பிளக்கையும் எடுத்து, வயர் முனையில் டேப் சுற்றுங்கள். மீண்டும் மீட்டரை மாட்டி அளங்கள். எண் சட்டென்று விழுந்தால் திருடன் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிறான். விழாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்த வரிசையில் கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். அப்போது ஆல்டர்னேட்டரில் கை வைக்க அவசியமில்லை.

மீட்டர் இல்லாமலும் ஒரு தடயம் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில், சாவி போடாமல், ஒரு இரும்பு ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் புல்லியின் நட்டுக்கோ பின்பக்க பேரிங் மேட்டுக்கோ அருகே கொண்டுபோங்கள். லேசாக இழுத்து ஒட்டினால் ரோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. உடல் வெதுவெதுப்பாக இருப்பதும் உண்டு. கசிவு சிறிதானால் இழுப்பு தெரியாமல் போகலாம், அதனால் இழுக்கவில்லை என்று விட்டுவிடாமல் அளந்தும் பாருங்கள். இதே ஸ்க்ரூடிரைவர் சாவி போட்ட நிலையில் (இன்ஜின் ஓடாமல்) நன்றாக ஒட்டவேண்டும். அப்போது ஒட்டாவிட்டால் கார்பன் தேய்ந்திருக்கும், ரோட்டார் சுருள் அறுந்திருக்கும், அல்லது அந்த எச்சரிக்கை பல்பே பியூஸ் ஆகியிருக்கும். மீட்டர் போர்டு பல்புகளை எல்.இ.டி.யாக மாற்றியவர்களுக்கும் இந்தத் தொல்லை வரும், எல்.இ.டி. வழியாகப் போகும் மின்சாரம் ரோட்டாரைத் தூண்டப் போதாது.

சோதனை எல்லாம் ஆல்டர்னேட்டரையே காட்டினாலும், முழுதாக மாற்றுவது முதல் வழியல்ல. உங்கள் வண்டியின் வயதுடைய வண்டிகளில் உள்ளே இருப்பது பிரித்துச் சேர்க்கக்கூடிய சாமான். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து, பிரித்ததும் கூட இருந்து பாருங்கள். ரோட்டாரின் இரண்டு செம்பு வளையங்களுக்கு இடையே பொதுவாக 2 முதல் 5 ஓம் காட்ட வேண்டும். வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே தொடர்பே இருக்கக்கூடாது. ஸ்டேட்டர் சுருள் செம்பு நிறத்திலோ தேன் நிறத்திலோ இருந்தால் நல்லது. ஒரு பக்கம் கருகி, எரிந்த வார்னிஷ் நாற்றம் வந்தால் ரீவைண்டிங் பேச்சைவிட வேறு ஆல்டர்னேட்டர் மேல். ரோட்டாரும் ஸ்டேட்டரும் நலம் என்றால் டயோடு பிளேட், கார்பன் செட், இரண்டு பேரிங் மாற்றினால் போதும். கார்பன் தேய்ந்து 5 மி.மீ. நீளம்தான் மிச்சம் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். பல மாடல்களில் கார்பனும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக வரும். செம்பு வளையத்தில் கறுப்புப் படிவம் மட்டும் இருந்தால் நைஸ் எமரி பேப்பர் போதும். விரலில் தட்டுப்படும் பள்ளம் விழுந்திருந்தால் வளையத்தையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கார்பன் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

டயோடை ஸ்டேட்டர் வயரிலிருந்து பிரித்துத்தான் சோதிக்க வேண்டும். மீட்டரின் டயோடு அளவில் ஒரு திசையில் 0.4 முதல் 0.7, மறு திசையில் ஒன்றும் காட்டாமல் இருந்தால் நல்லது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டினால் ஷார்ட். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்றால் ஓபன். சூடானால் மட்டும் கசியும் டயோடும் உண்டு, ஆகையால் மேலே சொன்ன கசிவு அளவையும் ஏசி அளவையும் வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தும் ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டயோடு போயிருந்தாலும் பிளேட்டை முழுதாக மாற்றுவதே நல்லது. மற்றவையும் அதே சூட்டில் அதே ஆண்டுகள் இருந்தவை.

மேலே இன்ஜினிலிருந்து எண்ணெய் ஒழுகி ஆல்டர்னேட்டர் மேல் இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். எண்ணெயும் கார்பன் தூளும் சேர்ந்து களிம்பாகி, கார்பனை அதன் கூட்டிலேயே ஒட்டவைத்துவிடும். வால்வு கவர் பேக்கிங்கை மாற்றாமல் புது டயோடு போட்டால் சில மாதத்தில் மறுபடியும் இதே கடிதம் எழுத நேரும். இன்ஜினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது ஆல்டர்னேட்டரை பிளாஸ்டிக் உறையால் மூடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், வடிந்த பேட்டரியை ஆல்டர்னேட்டரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். காலியான பேட்டரி முழு மின்சாரத்தையும் நீண்ட நேரம் இழுக்கும். புது டயோடு சூட்டில் வெந்துபோவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சார்ஜரில் ஏற்றி மாட்டுங்கள். அதன்பின் 1500-ல் சுமையில்லாமல், சுமையோடு, அரை மணி ஓட்டிச் சூடான பின் என்று மூன்று எண்ணையும் எழுதி டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெல்ட் போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் ஒருமுறை தொட்டுப் பார்த்து இறுக்கவும். முதல் ஓட்டத்தில் அது கொஞ்சம் நீளும்.

இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும் வரை, இரவில் நிறுத்தும்போது பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வையுங்கள், இன்ஜினை அணைத்த பிறகு. காலையில் ஸ்டார்ட் ஆகும். ரேடியோவில் நேரத்தை மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.